வயிற்றுப் பக்கம் யாருக்கு?

எங்கள் ஊர் பொறையாரில் பன்றிக்கறி என்றால் ஞாயிற்றுக்கிழமை, மிளகு, சின்ன வெங்காயம், நிதானமாக எரியும் அடுப்பு. அதற்குமேல் யோசிக்க அதில் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு லண்டனிலிருந்து அண்ணன் குடும்பம், டொரண்டோவிலிருந்து அத்தை மகள், பிரான்சிலிருந்து காரைக்கால் பெரியம்மாவின் மகன் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் காலையில் இட்லியைத் தொட மாட்டேன் என்றதும், பாண்டிச்சேரியிலிருந்து உறைந்த பேக்கன், அதாவது உப்பிட்டுச் சீவிய பன்றிக்கறி, பாக்கெட் ஒன்று வந்து சேர்ந்தது. பிரித்துக் கல்லில் போட்டதும் ஆரம்பித்தது பேச்சு. "இது பேக்கனே இல்லடா, வெறும் கொழுப்பு" என்றார் அண்ணன். "என்னண்ணே சொல்றீங்க, பேக்கன்னா இதுதான். நீட்டமா, வரிவரியா, மொறுமொறுன்னு" என்றாள் அத்தை மகள். பெரியம்மா மகன் இருவரையும் மறுத்தான். அவன் ஊரில் கடையில் பேக்கன் என்று கேட்டால் கொழுப்பே இல்லாத வட்டத் துண்டுகளைத்தான் தருவார்களாம். கல்லில் கிடப்பதைப் பொடியாக நறுக்கி முட்டையோடும் க்ரீமோடும் சேர்ப்பார்களாம்.

மூவரும் சொன்னது உண்மைதான். அதுதான் என்னை விடவில்லை. மூன்று பேருமே பன்றி பிறக்கும்போதே இப்படித்தான் துண்டாகிப் பிறக்கிறது என்பது போலப் பேசினார்கள். தோசைக்கல்லில் கிடந்ததோ ஒரு மிருகத்தின் ஒரு பக்கம். அந்த மிருகத்தில் முதுகும் வயிறும் தொடையும் தாடையும் எல்லா ஊரிலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு ஊர் ஏன் முதுகை எடுத்தது, இன்னொரு ஊர் ஏன் வயிற்றை எடுத்தது? ருசி என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ருசி பிறகு வந்து ஒட்டிக்கொள்வது. கத்தி அதற்கு முன்பே போய்விட்டிருக்கும்.

கத்தி போன வழி

அண்ணன் கேட்கும் துண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும் கொழுப்பில்லாத சதை, அதோடு வயிற்றின் மேல்பகுதியில் ஒரு விரற்கடை அகலம் வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் காலைச் சாப்பாட்டுத் தட்டில் வருவது இதுதான். ஆஸ்திரேலியாவில் முதுகையும் வயிற்றையும் பிரிக்காமல் ஒரே நீளத் துண்டாகவும் சீவுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் தோலை உரித்து, எலும்பெடுத்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் வயிறு மட்டும், அதுவும் பெரும்பாலும் புகை போட்டது. டொரண்டோவில் முதுகுச் சதையை உப்புநீரில் ஊறவைத்து, புகை போடாமல், மேலே மஞ்சள் சோளமாவு புரட்டி விற்கிறார்கள். முன்பு பட்டாணி மாவு புரட்டினார்களாம், இன்றும் பட்டாணியின் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள். அமெரிக்கர்கள் கனடா பேக்கன் என்று சொல்வதோ வேறு. புகை போட்டு வேகவைத்த வட்ட முதுகுத் துண்டு அது. இத்தாலியில் வயிற்றைச் சுருட்டியும் வைக்கிறார்கள், தாடையைத் தனியாக உப்பிட்டுத் தொங்கவும் விடுகிறார்கள்.

இதில் இங்கிலாந்தின் கதை நீளமானது. வில்ட்ஷயரில் கால்ன் என்றொரு ஊர். அயர்லாந்திலிருந்து கப்பலில் பிரிஸ்டலுக்கு வந்த பன்றிகளை லண்டனுக்கு நடத்தியே ஓட்டிச்செல்வார்கள். வழியில் அவை இளைப்பாறும் ஊர் இது. அங்கே ஹாரிஸ் என்ற குடும்பம் பன்றியை உப்பிட்டு வியாபாரம் செய்தது. அயர்லாந்துப் பஞ்சத்தில் பன்றி வரத்து நின்றதும் அந்தக் குடும்பத்து இளைஞர் ஒருவர் அமெரிக்கா போனார். அங்கே பனிக்கட்டியை வைத்துக் கோடையிலும் உப்பிடுவதைப் பார்த்துவந்தார். 1850களில் கால்னில் பனிக்கட்டி அறை எழும்பியது. அதுவரை குளிர்காலத்து வேலையாக இருந்தது வருஷம் முழுக்க நடக்கும் வேலையாயிற்று. குளிர்ச்சி இருந்ததால் உப்பையும் குறைக்க முடிந்தது. அவர்கள் உப்பிட்டது துண்டையல்ல, தலை போக ஒரு முழுப் பக்கத்தையே. தோள், முதுகு, வயிறு, பின்தொடை எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாக உப்புநீரில் இறங்கும். ஊறி முடித்த பிறகுதான் வெட்டுவார்கள். முதுகு ஏற்கெனவே உப்பேறிவிட்டதால் அது பேக்கனாகத்தான் விலைபோக வேண்டும். அண்ணனின் காலைத் தட்டில் முதுகு வந்து உட்கார்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். முதுகைப் பச்சையாகவே சாப்ஸ் போட்டு விற்றார்கள். தொடையைத் தனியாக உப்பிட்டுப் பதப்படுத்தினால் ஹாம். சோளம் தின்று கொழுத்த பன்றியின் வயிறு மிஞ்சியது. அதை உறையவைத்து மாதக்கணக்கில் கிடங்கில் அடுக்கலாம் என்பதால், சிகாகோ சந்தையில் 1961 முதல் 2011 வரை பன்றி வயிற்றுக்கே முன்பேர வணிகம், அதாவது பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசி ஒப்பந்தம் போடுவது, நடந்தது. ஒரு ஒப்பந்தம் 40,000 பவுண்டு, அதாவது 18 டன்னுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு வயிற்றையும் வாங்கியவனும் விற்றவனும் பெரும்பாலும் பன்றியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான டேனிஷ்காரர்களை விட்டுவிட முடியாது. பொறையாரிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் அவர்கள். உலகத்துக்கே பேக்கன் விற்றவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு அதன் பிறகு வந்ததுதான். 1887இல் ஜெர்மனி டென்மார்க்கின் உயிர்ப் பன்றிகள் வரக் கூடாது என்று கதவை மூடியது. அதே வருஷம் ஹோர்சன்ஸ் என்ற ஊரில் விவசாயிகள் கூடிக் கூட்டுறவுக் கசாப்புக்கூடம் ஆரம்பித்தார்கள். இனிமேல் வாங்கப்போவது இங்கிலாந்து, இங்கிலாந்துக்கு வேண்டியது நீளமான மெலிந்த முதுகு. என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் நாட்டுப் பன்றியை இங்கிலாந்தின் வெள்ளைப் பன்றியோடு கலந்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, பன்றியையே நீளமாக்கினார்கள். அவர்களுடைய லேண்ட்ரேஸ் இனத்துக்கு மற்றப் பன்றிகளைவிட விலா எலும்பு கூடுதல். ஒரு நாட்டின் காலை உணவுக்காக இன்னொரு நாட்டுப் பன்றியின் முதுகெலும்பு நீண்டது என்று படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

உப்பு உள்ளே போகும் முன்

அப்படியானால் நம் பக்கம் ஏன் பேக்கன் என்று ஒன்று வரவேயில்லை? உப்புக்கு இங்கே குறைச்சல் கிடையாது. வேதாரண்யத்து உப்பளம் எங்களுக்குத் தெற்கே இதே கடற்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கருவாட்டு வாடை வராத நாள் உண்டா? ஆட்டுக்கறியில் உப்புக்கண்டம் போடுவது எங்கள் பாட்டி கைவேலை. உப்பிட்டு வைப்பதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாட்டி உப்புக்கண்டத்துக்கு அரிந்த கறியின் கனத்தை யோசித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். சுண்டுவிரல் கனம் தாண்டாது. உப்பும் மஞ்சளும் பிசைந்து ராத்திரி வைத்து, மறுநாள் சணலில் கோத்து வெயிலில் கட்டிவிடுவார். காக்கைக்கு ஒரு கறுப்புத் துணி. நாலைந்து வெயிலில் குச்சி மாதிரி காய்ந்துவிடும்.

கனம்தான் சங்கதி. கெட்டுப்போவதற்கும் உப்பு நடுக்கறி வரை போய்ச் சேருவதற்கும் நடக்கும் ஓட்டம் அது. ஒரு சாண் அகலம், இரண்டு மூன்று விரல் கனம் உள்ள வயிற்றுக்கறிக்குள் உப்பு முழுதாக இறங்க நாள்கணக்காகும். டென்மார்க்கில் அந்த நாள்களைக் குளிர் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் நம் ஊரில் வைத்தால் உப்பு பாதி வழி போவதற்குள் நடுவில் நாற்றம் எடுத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் வெயிலும் இல்லை, காற்றிலும் ஈரம். அதனால் நாம் மெல்லியதாக அரிந்தோம், உப்போடு நிற்காமல் தண்ணீரையும் அறவே எடுத்தோம். மெல்லியதாக அரிந்த பிறகு முதுகு என்ன, வயிறு என்ன? கொழுப்பு வெயிலில் சிக்கெடுத்துவிடும் என்பதால் உப்புக்கண்டத்துக்குக் கொழுப்பில்லாத கறியைத்தான் எடுப்பார்கள். வயிறு அங்கேயே கழிந்துபோயிற்று. நாகாலாந்தில் பன்றிக்கறியை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகையிலேயே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொழுப்பு கழியவில்லை. மலைக்குளிரும் நாள் முழுக்க எரியும் விறகும் உள்ள வீட்டில் அது நடக்கும்.

ஆனால் இதுவும் பாதிக் காரணம்தான் என்று கறிக்கடையில் தெரிந்தது.

கறிக்கட்டை

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. எங்கள் பக்கத்து வெண்பன்றிக் கடை, தென்னங்கீற்றுப் பந்தல், ஒரு புளியங்கட்டை, ஒரு தராசு. தோலில் முடி தீய்ந்த வாசனை இன்னும் இருந்தது. கடைக்காரர் ஒரு பக்கத்தைக் கொக்கியில் மாட்டியிருந்தார். மேலே தொடை, கீழே தோள், நடுவில் ஒரு பக்கம் முதுகுச் சதை சிவப்பாக, மறுபக்கம் வயிறு வெள்ளையும் சிவப்புமாக அடுக்கடுக்காக. அண்ணனும் அத்தை மகளும் பெரியம்மா மகனும் அடித்துக்கொண்ட மூன்று துண்டும் அங்கே பிரியாமல் ஒன்றாகத் தொங்கின. இத்தனைக்கும் அந்தப் பன்றி யார்க்‌ஷயர் இனம். பேக்கனுக்கென்றே இங்கிலாந்தில் பேர்பெற்ற பன்றி இது. நம் அரசுப் பண்ணைகள் வழியாகப் பரவி, இன்று காவிரிப் பாசனத்து ஊர்களில் குருணையும் தவிடும் ஓட்டல் மிச்சமும் தின்று வளர்கிறது.

"அண்ணே, வயித்துப் பக்கத்த வெட்டாம முழுசா வேணும். எலும்பு மட்டும் எடுத்துட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. தொடையில் ஒரு வெட்டு, வயிற்றில் ஒரு வெட்டு, விலாவில் ஒரு வெட்டு. எல்லாவற்றையும் கட்டை மேல் ஒன்றாகக் குவித்து, கையால் ஒருதரம் புரட்டி, தராசில் போட்டுக் கறுப்புக் கவரில் கட்டினார். எனக்கு முன்னால் நின்று கவரை வாங்கிய ஒரு அம்மா கொழுப்பு இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். இருந்தது. அதன் பிறகு கடைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "முழுசா வயித்த உங்களுக்கே குடுத்துட்டா மத்தவங்களுக்கு நான் என்னத்தப் போடறது சார்? அவங்க கூறுல கொழுப்பு எங்கேர்ந்து வரும்?"

எனக்கு இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. கூறு. சின்ன வயதில் கரிநாளன்று எங்கள் தெருவில் பங்கு ஆடு அடிப்பார்கள். வாழையிலையை வரிசையாகப் போட்டு, எத்தனை வீடோ அத்தனை கூறு. ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பு ஒன்று, ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு பிடி, கொழுப்பு ஒரு விள்ளல். ஈரல் துண்டு சின்னதாகப் போனால் ஒரு நல்லி எலும்பு கூட வரும். எல்லாம் வைத்து முடித்த பிறகு ஒருவர் இலைகளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்லுவார். அதற்குமேல் சண்டை கிடையாது. அந்த முறையில் நல்ல துண்டு, மட்டத் துண்டு என்று பிரிக்கவே வழியில்லை. யாருக்குப் போகிறது என்று தெரியாமல் வைக்கிற கூறில் எல்லாமே இருந்தாக வேண்டும்.

கறிக்கட்டை மேல் அவர் புரட்டிக் கலந்ததும் அதே கூறுதான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பன்றி முழுவதும் மூன்று கிலோமீட்டருக்குள் தின்னப்பட்டுவிடும். தின்பவர்கள் ஒருவர் கவரை ஒருவர் எட்டிப் பார்க்கிறவர்கள். கால்னின் பன்றி அப்படியில்லை. சிகாகோவின் பன்றி அப்படியில்லவே இல்லை. அங்கே முதுகு தின்பவருக்கும் வயிறு தின்பவருக்கும் நடுவில் கடலே இருக்கலாம்; ஒருவர் தட்டில் என்ன குறைந்தது என்று மற்றவருக்குத் தெரியப்போவதில்லை. துண்டுக்கு ஒரு பேரும் பேருக்கு ஒரு விலையும் அப்போதுதான் வருகிறது. தின்கிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாத இடத்தில்தான் பேக்கன் பிறந்திருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பனிக்கட்டியும் கப்பலும் இருந்தும், கூறு போடும் பழக்கம் மட்டும் விடாமல் இருந்திருந்தால் வில்ட்ஷயரில்கூட அந்த முழுப் பலகை பேக்கன் வந்திருக்காது.

கடைக்காரரே வழியும் சொன்னார். ஒரு பக்கத்தை மூன்று வீடு சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் உங்களுக்குள் எப்படிப் பிரித்தாலும் எனக்குக் கவலையில்லை என்றார். கிறிஸ்துமஸ் வாரம், எல்லா வீட்டிலும் ஆள். பக்கத்து வீட்டுக்குத் தொடை வேண்டும். எதிர்வீட்டுக்குக் குழம்புக்கு எலும்போடு தோள் போதும். எங்களுக்கு நடுப்பகுதி வந்தது.

சமையலறை மேடையில் அதைக் கிடத்தி அண்ணன் கத்தி முனையால் கோடு போட்டுக் காட்டினார். முதுகுச் சதை ஒரு உள்ளங்கை அகலம் நீள்வட்டமாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு விரல் கொழுப்பு. அங்கிருந்து வால் போல வயிற்றுக்குள் அண்ணனின் கோடு நீண்டது. "அவ்வளவு உள்ள வந்தா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று அத்தை மகள் கோட்டை அழித்துத் தன் பக்கம் தள்ளிப் போட்டாள். அது நியாயமான கேள்வி. இங்கிலாந்துத் துண்டின் வால் முழுக்க அமெரிக்கத் துண்டிலிருந்து எடுப்பதுதான். ஒருவர் பேக்கன் அகலமானால் இன்னொருவர் பேக்கன் குறுகும். புத்தகத்துப் படத்தில் இது தெரியாது, மேடை மேல் இரண்டு பேர் நின்றால்தான் தெரியும். பெரியம்மா மகன் வால் வேண்டாம், வட்டம் மட்டும் போதும் என்று தனக்கு நாலு துண்டு வாங்கிக்கொண்டு ஒதுங்கினான்.

கிலோவுக்கு 25 கிராம் உப்பு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, இடித்த மிளகு. தேய்த்து மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வாரம், தினம் ஒருதரம் புரட்டிவைத்தோம். வெடியுப்பு வகை (நைட்ரேட், நைட்ரைட்) எதையும் சேர்க்கக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது அவருக்கு நினைவிருந்தது. கடை பேக்கனின் ரோஜா நிறம் அந்த உப்பிலிருந்து வருவது. எங்களுடையது வெந்ததும் பழுப்பாகத்தான் இருந்தது. அந்த உப்பு நஞ்சுக்கிருமியையும் தடுப்பது என்பதால், எங்களுடையதை நாள் கடத்தாமல் சமைத்துத் தீர்த்தோம். அண்ணன் துண்டு மென்மையாக, ஹாம் மாதிரி. வயிற்றுத் துண்டு தன் கொழுப்பிலேயே வறுபட்டு ஓரம் சுருண்டது. எனக்கு வயிறுதான். முதுகுத் துண்டு நன்றாகவே இருந்தது, ஆனால் பன்றிக்கறி தின்கிறோம் என்ற நினைப்பு வயிற்றில்தான் வருகிறது. தோலோடு தின்று வளர்ந்த நாக்கு அப்படித்தான் கேட்கும்.

அவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இப்போதும் எப்போதாவது இரண்டு வீட்டைச் சேர்த்துக்கொண்டு நடுப்பகுதி வாங்குகிறேன். அந்தக் கடையில் இன்றைக்கும் கிலோவுக்கு ஒரே விலைதான். தொடைக்கும் அதே, வயிற்றுக்கும் அதே. பெரிய ஊர்களில் ஏ.சி. போட்ட இறைச்சிக் கடைகளில் வயிற்றுக்குத் தனி விலை வந்துவிட்டது. இன்னும் இரண்டு பேர் என்னைப் போல முழுசாக வேண்டும் என்று வந்து நின்றால் இங்கேயும் வரும், கடைக்காரருக்கு அதில் லாபம்தான். அவரிடம் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எனக்கு அது வரக் கூடாது. வயிற்றுக்கு விலை ஏறினால் அது தனியாக என் போன்றவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். நடவுக் கூலியில் அரைக்கிலோ வாங்கிக் கவரைத் திறந்து பார்க்கிற அந்த அம்மாவின் குழம்பில் மிதக்க வேண்டிய கொழுப்பு அது. அதனால் மூன்றாவது வீடு சேராத வாரத்தில் நான் முழுத்துண்டு கேட்பதில்லை. கட்டையில் கலந்து வெட்டியதையே வாங்கி வந்து மிளகு போட்டு வைக்கிறோம்.